நாலு மணிக் கட்டில்

ஜூன் 9, திங்கள்

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் பரீட்சைக்கும் மனுவுக்கும் தவிர யாரும் பேனாவை எடுத்ததில்லை. நானும் பி.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் மதிப்பெண்ணுக்காகத்தான் எழுதினேன். காரணமில்லாமல் எழுதுவது ஏதோ தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போவதுபோல இருக்கிறது. ஆனாலும் பேச வேண்டிய இடத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தேன். தரைத்தளம், மகளிர் நோய்ப் பிரிவு, ஆறாம் நம்பர் கட்டில். கட்டிலின் கால் ஒன்றுக்கு அடியில் செங்கல் துண்டு வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு. பகல் முழுவதும் குழந்தைகள் அழுகிற சத்தம். எரிச்சலாக இருந்தது.

எனக்கு இடது சினைப்பையில் கட்டி. பதினான்கு சென்டிமீட்டர். ஏப்ரலில் வயிற்று வலி வந்து ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. புறநோயாளிப் பிரிவில் டாக்டர் சொன்னார்: "கட்டியை மட்டும் எடுக்கப் பாப்போம். முடியலைன்னா சினைப்பையோட சேத்துத்தான் எடுக்கணும்." இதை அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நான் அவருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கை என் வயிற்றின் மேல்தான் இருந்தது.

இங்கே எல்லாமே அட்டெண்டர்தான். கூட வந்திருப்பவரை அப்படிச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் "சங்கவி அட்டெண்டர்!" என்று கத்துகிறார்கள். மருந்துச் சீட்டுக்கும் அதே. அப்பா ஒவ்வொரு தடவையும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடுகிறார். தறிப்பட்டறையில் முதலாளி கூப்பிட்டால்கூட அவர் இப்படி ஓடியதில்லை.

ஊரில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் ஏற்பாடு. ஆவணியில் எனக்குப் பூ வைப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை நூல்மில்லில் சூப்பர்வைசர். ஒரு தடவை பார்த்திருக்கிறேன், காபியை ஊதி ஊதிக் குடித்தார். வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"கல்யாணமாகாத புள்ளைக்கு அந்த எடத்துல ஆபரேஷன்னா ஊரு என்ன பேசும்? குடல்வால்னா ஆருக்கும் ஒண்ணுமில்லை" என்றார் அம்மா.

ஜூன் 10, செவ்வாய்

ரத்தம், இருதயப் படம், மயக்க டாக்டரின் கேள்விகள். "வாயைத் திற. கழுத்தை ஆட்டு. பல்லு ஏதாச்சும் ஆடுதா?" எனக்கு இருபத்திரண்டு வயது என்று சீட்டில் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மா. ஐம்பது இருக்கும். கர்ப்பப்பையை எடுக்க வந்திருக்கிறார். எல்லோரிடமும் அதைச் சத்தமாகவே சொல்கிறார். "மூணு புள்ளை பெத்துக் குடுத்துட்டுத்தான் போவுது. அதுக்கெதுக்கு அழுவோணும்? ரிட்டையர்மெண்டு!"

சாயங்காலம் அம்மா வார்டு வாசலில் நின்று பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். ம-க-ளி-ர்-நோ-ய். படித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"இந்தப் போர்டைப் பாத்துட்டு எவளாச்சும் குடல்வால்னு நம்புவாளா? வியாழக்கெழமை ஊர்லருந்து ஒறம்பரை வர்றாங்க."

ஒரு டப்பா இட்லியோடு மேலே போனார். ஒரு மணி நேரம் கழித்துக் காலி டப்பாவோடு வந்தார். இரண்டாம் மாடி, பெண்கள் அறுவைப் பிரிவு, பதினான்காம் நம்பர் கட்டில். அங்கே ஜரீனா என்கிற அக்காவுக்கு நிஜமான குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. பார்வையாளர் நேரமான நாலு மணி முதல் ஆறு மணி வரை அந்தக் கட்டில் எனக்கு.

"ஆருகிட்ட என்ன சொல்லிக் கேட்டீங்க?" என்றேன்.

"உள்ளதைத்தான் சொன்னேன். பொம்பளைக்குப் பொம்பளை சொல்லாம?"

ஊருக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டிருக்கிறார். எனக்குத்தான் யாரும் எதையும் சொல்வதில்லை.

ஜூன் 11, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் வேலை செய்யாததால், ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் வெளியே நின்று பாட வேண்டும் என்பது வார்டு வழக்கம். எனக்குப் பாட வராது, அதனால் வாய்ப்பாடு சொன்னேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் வெள்ளையம்மாள் உள்ளே இருந்து, "போதும் கண்ணு, தப்பாப் போனா எனக்குத் தெரியாது" என்றார்.

ஜூன் 12, வியாழன்

மூன்றே முக்காலுக்கு அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். லிப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். படியேறினோம். ஜரீனா அக்கா கட்டிலை விட்டு எழுந்து, போர்வையை உதறிப் போட்டு, விருந்துக்கு இலை போடுகிற மாதிரி கையைக் காட்டினார்.

"வா புள்ளே. படுத்துக்க. நல்லா இழுத்துப் போத்திக்க. டாக்டரு என்னை நடக்கச் சொல்லியிருக்காரு, உங்க ஒறம்பரை போற வரைக்கும் நான் வராண்டாவுல நடக்கறேன். உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

கட்டில் அவருடைய உடம்புச் சூட்டோடு இருந்தது. தலையணைக்கடியில் அவருடைய தைல பாட்டில்.

ஊரிலிருந்து உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். சாத்துக்குடி, ரொட்டி. "குடல்வால்னா வலது பக்கந்தானே?" என்று ஒருத்தி கேட்டாள். நான் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை மெதுவாக மாற்றினேன்.

ஐந்து மணிக்கு ஒரு நர்ஸ் தட்டோடு வேகமாக வந்தார். "பதினாலு. கையை நீட்டும்மா."

நான் கையை நீட்டினேன்.

இதை எழுதவே கூசுகிறது. அது எனக்கான ஊசி இல்லை. என்ன மருந்து என்று தெரியாது. நான் பதினாலு இல்லை, ஆறு. எல்லாம் தெரியும். ஆனால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவின் கண் "பேசாதே" என்றது, நான் கையை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நர்ஸ் பஞ்சால் துடைத்தே விட்டார்.

"ஐயோ சிஸ்டர்! அது என்னோட ஊசி!" வராண்டாவிலிருந்து ஜரீனா அக்கா, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமாக வந்தார்.

"அப்ப இது யாரு?"

ஜரீனா அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதும் குடல்வால்தான் சிஸ்டர். பக்கத்து வார்டு. அங்க ஃபேன் ஓடலைன்னு வந்து படுத்துக்கிச்சு."

நர்ஸ் திட்டித் தீர்த்தார். "கட்டில் மாறிப் படுப்பீங்க, நாங்க ஊசி மாத்திப் போட்டா எங்களைத் தூக்கிப் பேப்பர்ல போடுவீங்க!" ஊரிலிருந்து வந்தவர்கள் அதையும் ஃபேன் ஓடாத கதை என்றே எடுத்துக்கொண்டு, மின்வெட்டைப் பற்றிப் பேசினார்கள்.

கீழே வந்ததும் அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதுகூட இல்லை. நான் கை நீட்டினேன். அதுதான்.

அரை மணி நேரத்தில் "சங்கவி அட்டெண்டர்!" பயிற்சி டாக்டர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார், மேசையில் சம்மதப் படிவத்தை விரித்து வைத்திருந்தார். நாளைக்கு ஆபரேஷன். அப்பா கண்ணாடியைத் தேடினார். நானும் பின்னால் போய் நின்று படித்தேன். "தேவைப்பட்டால் சினைப்பையையும், தேவைப்படும் பிற உறுப்புகளையும் அகற்றச் சம்மதிக்கிறேன்." அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நா-ச்-சி-மு-த்-து. ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி.

"நானும்..." என்றேன். குரல் பாதியில் நின்றது.

"அப்பா போட்டாச்சும்மா, போதும்."

நான் பேனாவை எடுத்தேன். எனக்கென்று கோடு எதுவும் இல்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே, அச்சடித்த எழுத்துகளின் மேலேயே எழுதினேன். நா. சங்கவி, பி.எஸ்சி. புள்ளியியல், வயது 22. தேதியும் போட்டேன். பட்டத்தை இதுவரை நான் எங்கும் போட்டதில்லை.

"என்னம்மா இது, வேலைக்கு அப்ளிகேஷனா?" என்றார் டாக்டர். ஆனால் நான் எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே கோப்பில் வைத்தார்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஆறு மணி. தண்ணீர்கூடக் கூடாது. பச்சை அங்கி, முதுகுப் பக்கம் நாடா. கம்மல், கொலுசு எல்லாம் கழற்றி அம்மாவின் முந்தானையில். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் "என்னத்தை எடுத்தாலும் என்கிட்டச் சொல்லுங்க" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லவில்லை. முகமூடி வைத்து "ஒண்ணு ரெண்டு எண்ணும்மா" என்றார்கள். எண்ணச் சொன்னால் நான் எண்ணுகிறவள். நான்கு வரை நினைவிருக்கிறது.

இரண்டு நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. தொப்புளுக்குக் கீழே குறுக்கே கட்டு. இருமினால் தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொல்கிறார். "கட்டியை மட்டும் எடுத்துட்டாங்க கண்ணு." கண்ணு என்று அம்மா என்னைக் கூப்பிட்டது பத்தாம் வகுப்புக் காய்ச்சலுக்குப் பிறகு இப்போதுதான். தலை வாரிவிடுகிறார். கஞ்சியை ஊதித் தருகிறார். காலையில் டம்ளரைத் தட்டிவிட்டேன், திட்டவே இல்லை. "போச்சாது, பரவால்லை" என்று துடைத்தார். ஆவணி பற்றிப் பேச்சே இல்லை.

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதில்லை. வாசல் கதவருகே நின்று, "சாப்பிட்டுச்சா?" என்று அம்மாவிடம் கேட்கிறார். கழுவிய டிபன் டப்பாவை மறுபடியும் எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போகிறார்.

களைத்திருப்பார்கள். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளையம்மாளுக்கும் அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. அவர்தான் சொன்னார், இங்கே எடுத்ததை அட்டெண்டரைக் கூப்பிட்டு ஒரு தட்டில் வைத்துக் காட்டுவார்கள் என்று. பிறகு பாட்டிலில் போட்டு அட்டெண்டர் கையிலேயே கொடுத்து, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்களாம்.

"எனக்கு எடுத்ததை என்ற மவன் கொண்டுபோனான். உன்றதை உங்கப்பன் கொண்டுபோனாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்களாம், வழி தெரியாம எலும்பு வார்டு வரைக்கும் சுத்துனாங்களாம். உங்கப்பன் கட்டைப்பைக்குள்ள பாட்டிலை வெச்சு, மேல துண்டைப் போட்டு மூடி, ஒரு கையால அணைச்சுப் புடிச்சுட்டு வந்தாராம்."

என் உடம்புக்குள் இருந்ததை அப்பா பார்த்திருக்கிறார். வெள்ளையம்மாளின் மகன் பார்த்திருக்கிறான். கூடத்தில் பாட்டிலை வாங்கியவர் பார்த்திருப்பார். நான் பார்க்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையில் காற்று பிரிந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. வெள்ளையம்மாள் கையைத் தட்டினார். இனி இட்லி சாப்பிடலாம்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்தார். கட்டைப் பார்த்தார், "குட்" என்றார், அடுத்த கட்டிலுக்குப் போனார். கேட்க வாய் திறந்தேன். என் வாய் திறந்திருந்தபோது அவர் எட்டாம் நம்பரில் இருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மணி இன்று சாயங்காலம் பார்க்க வருவதாகப் போன் செய்திருந்தார். இரண்டாம் மாடி, பதினாலு என்று அம்மா சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு மேலே போனார். ஜரீனா அக்கா நேற்றே வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்தக் கட்டிலில் புதிதாக வந்த ஒருவர், "என் கட்டிலை நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அம்மா விடவில்லை. பதினொன்றாம் நம்பர்க்காரர் ஒரு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று ஓடி வந்தார். வார்டு ஆயாவிடம் சொல்லிச் சக்கர நாற்காலியும் கொண்டுவந்துவிட்டார்.

"ஏறு கண்ணு. லிப்டுக்குச் சொல்லியாச்சு. சித்த நேரந்தான்."

"வல்லீங்கம்மா."

"என்னது?"

"நான் மேல வல்லை. என்ற கட்டில் இதுதான்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வார்த்தை பாதியில் நிற்கவில்லை. அம்மா கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். "உன்ற நல்லதுக்குத்தானடி பண்றேன்!" நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளையம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த வண்டியை நமக்குத் தந்தா பாத்ரூமுக்காச்சும் போவலாம்" என்றார்.

நாலே காலுக்குச் சின்னம்மணி அம்மா எங்கள் வார்டு வாசலில் நின்றார். இரண்டாம் மாடியில் போய்க் கேட்டிருக்கிறார். "கட்டில் கேட்டு வந்தாங்களே ஒரு அம்மா, அந்தப் புள்ளையா? அது கீழ, பொம்பளை நோவு வார்டு" என்று யாரோ வழி காட்டியிருக்கிறார்கள்.

அவர் பெயர்ப் பலகையைப் பார்த்தார். பிறகு என்னை. கையில் ஆப்பிள் பை.

"ஏம் அம்மிணி, குடல்வால்னு சொன்னாங்க?"

அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இல்லீங்க. சினைப்பையில கட்டிங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க."

"கட்டி மட்டுமா? இல்ல..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் சொல்வதற்கு உண்மை என் கையில் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். கதவருகே அப்பா, முதுகைக் காட்டிக்கொண்டு.

"என்ன எடுத்தாங்கன்னு எனக்கு இன்னும் ஆரும் சொல்லலீங்க. தெரிஞ்சதும் நானே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

சின்னம்மணி அம்மா என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. "செரி. சொல்லு" என்றார். பையை ஸ்டூலில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், அம்மா உடைந்தார்.

"போச்சு! எல்லாம் போச்சு! என்ன சொல்லச் சொல்றே அவகிட்ட? என்ற புள்ளைக்குக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க, இனி அவளுக்குப் புள்ளை இல்லைன்னு சொல்லச் சொல்றியா? உங்கப்பன் கண்ணால பாத்துட்டு வந்து அழுதாரே, அதைச் சொல்லச் சொல்றியா?"

அப்பா வாசலில் இல்லை.

ஜூன் 17, அதே நாள், விளக்கு போட்ட பிறகு

சுவருக்கு அந்தப் பக்கம் இன்று மூன்று குழந்தைகள். எண்ணிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர், பின்னால் பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேர், நர்ஸ். அவர் கட்டைப் பார்க்கக் குனிந்தபோது நான் போர்வையை விலக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், எனக்கு என்ன எடுத்தீங்க?"

"உங்க அட்டெண்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டோமே."

"அட்டெண்டருக்கு ஆபரேஷன் பண்ணலீங்க டாக்டர். எனக்குத்தான் பண்ணுனீங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நர்ஸ், "ஏய், டாக்டர்கிட்ட இப்படியா பேசுறது?" என்றார். நான் போர்வையை விடவில்லை.

"சொல்லிட்டுப் பாருங்க. நான் மூணு நாளாக் காத்திருக்கேன்."

டாக்டர் நிமிர்ந்தார். என் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். படிவத்தில் என் பெயரும் பி.எஸ்சி.யும் இருந்த பக்கத்தில் சற்று நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இடது சினைப்பை முழுக்கக் கட்டியா இருந்துச்சு. பிரிக்க முடியலை. அதனால அந்தச் சினைப்பையை எடுத்துட்டோம். வலது பக்கச் சினைப்பை நல்லா இருக்கு, தொடலை."

"கர்ப்பப்பை?"

"அதுக்கென்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"எடுக்கலையா?"

"யாரும்மா சொன்னது எடுத்தோம்னு?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவருதானுங்க... அவரு பாத்தாருங்க."

அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கைகட்டி நின்றார். டாக்டர் கேட்டதற்குத் தரையைப் பார்த்தே பதில் சொன்னார். "தட்டுல கொண்டாந்து காட்டுனாங்க. பெருசா, பை மாதிரி இருந்துச்சுங்க. எங்க அக்காளுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்பவும் இப்படித்தான் தட்டுல காட்டுனாங்க. அதே மாதிரி இருந்துச்சு. சின்ன டாக்டரம்மா என்னமோ இங்கிலீஸ்ல சொன்னாங்க. கேக்கறதுக்குள்ள உள்ளார போயிட்டாங்க. கையெழுத்துப் போட்டது நான்தானுங்களே. நான் போட்டதாலதான் போயிருச்சுன்னு..."

ஐந்து நாள். இந்த மனிதர் ஐந்து நாளாக ஒரு டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பயிற்சி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டைக் காட்டியது அவர்தானாம். பெரிய டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார். நடுவில் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் சினைப்பைகள், இடது பக்கத்தில் ஒரு குறுக்குக் கோடு. "மாதாமாதம் வழக்கம்போல வரும். கல்யாணம், குழந்தை எதுக்கும் இதனால தடையில்லை. கட்டி எந்த மாதிரின்னு பரிசோதனை முடிவு முப்பதாம் தேதி வரும்." அந்தத் தாளை அப்பாவிடம் நீட்டினார். பாதியில் கையை மாற்றி என்னிடம் கொடுத்தார்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. அம்மா ஏழுமலையானுக்கும் பண்ணாரி அம்மனுக்கும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. எடுத்திருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆவணியில் பூ வைத்து, தையில் கல்யாணம் செய்து, பிறகு ஒவ்வொரு மாதமும் நான் நாளை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன். எண்ணச் சொன்னால் எண்ணுகிறவள்தானே.

அவர்கள் போன பிறகு வெள்ளையம்மாள், "எனக்கு எடுத்ததைக் கேக்க மறந்துட்டேன்" என்றார். "கர்ப்பப்பையோட என்ன என்ன போச்சோ? கூப்புடு அந்த டாக்டரம்மாவை!"

மூன்றாம் நம்பர், எட்டாம் நம்பர்க்காரர்களும் மத்தியானம் கேட்டார்கள். நர்ஸ் என் கட்டிலைத் தாண்டும்போது, "நல்லா பழக்கிவிட்டே போ" என்றார். இன்றைக்குப் பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

தையல் பிரித்தார்கள். பதினொன்று. வீட்டுக்குப் போகிறோம்.

கிளம்புவதற்கு முன் சின்னம்மணி அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் தடுக்கவில்லை. நம்பரைத் தேடிக் கொடுத்ததே அவர்தான்.

"ஒரு சினைப்பையை எடுத்திருக்காங்க. இன்னொண்ணு நல்லா இருக்குது. கொழந்தைக்குத் தடையில்லைன்னு டாக்டர் சொன்னாங்க. தெரிஞ்சதும் சொல்றேன்னு சொன்னேன், அதான் கூப்பிட்டேனுங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம். "செரி அம்மிணி. நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

"யோசிங்க. நாங்களும் யோசிச்சுச் சொல்றோமுங்க."

அம்மா என்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்டூலில் இருந்த ஆப்பிளை எடுத்து முந்தானையில் துடைத்து ஒரு கடி கடித்தார்.

"மாவாட்டம் இருக்குது. போவட்டும்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

பரிசோதனை முடிவு வாங்க நானும் அப்பாவும் மட்டும் வந்தோம். ஜன்னலில் "சங்கவி அட்டெண்டர்!" என்று கத்தினார்கள். அப்பா எழவில்லை. என்னைப் பார்த்தார். நான் போனேன்.

சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். டாக்டர் என்னிடம் சொன்னார், நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். இந்தத் தடவை ஆட்டுவதற்கு முன்னால் "அப்படின்னா என்ன?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். அப்பா இரண்டு டீ வாங்கி வந்தார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் அம்மா வழியாகத்தான். நான் கல்லூரியில் சேர்ந்ததைக்கூட அம்மாவிடம் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அம்மா இல்லாதபோது நாங்கள் டீ குடிப்போம்.

டாக்டரிடம் எல்லாம் கேட்டுவிட்டேன். படம் வரைந்த தாள் இருக்கிறது, முடிவுத் தாள் இருக்கிறது. எத்தனை கிராம், எத்தனை சென்டிமீட்டர், எல்லாம் அச்சில் இருக்கிறது. ஒன்றை மட்டும் இத்தனை நாள் யாரிடமும் கேட்கவில்லை. எழுதக்கூட இல்லை. கேட்டால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம்.

"அப்பா."

"ம்."

"அன்னிக்குத் தட்டுல என்ன பாத்தீங்கன்னு எனக்குச் சொல்லுங்கப்பா. அம்மாகிட்டச் சொன்னதை இல்லை, நீங்க பாத்ததை. எத்தனை பெருசு, எப்படி இருந்துச்சு, கையில வாங்கறப்ப கனமா இருந்துச்சா, வழி தெரியாம சுத்துனப்ப என்ன நெனைச்சுட்டே நடந்தீங்க, எல்லாம். பஸ்ஸுக்கு நேரமிருக்குது. நடுவுல அழுவோணும்னா அழுதுட்டுச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லுங்கப்பா."